கப்பல் சாமந்திக் கீரை

அந்த அம்மாளின் நாக்கைத்தான் முதலில் பார்த்தேன். முகத்தை அப்புறம்தான் பார்த்தேன்.

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் நானும் சரோஜாவும் குடி வந்த முதல் நாள். உலகச் சண்டை முடிந்திருந்தது, ரேஷன் மட்டும் முடியவில்லை. மாட்டுவண்டியிலிருந்து கடைசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருகிறேன். எங்கள் தண்ணீர்க் குடத்துக்குள் யாருடைய விரலோ இருந்தது. விரல் வெளியே வந்தது. ஒரு நாக்கு நீண்டு அதை நக்கியது.

"லேசா கரிக்குது. ஆடி பொறந்தா சரியாப் பூடும் நைனா. நீ ஒண்ணும் பேஜாரு பட்டுக்காத" என்றாள் நாக்குக்கு உரியவள்.

ஆடி பிறந்தது, ஆவணி பிறந்தது, தண்ணீர் கரித்துக்கொண்டேதான் இருந்தது. எதையும் நாக்கில் வைத்துப் பார்த்தால்தான் அந்த அம்மாளுக்குத் திருப்தி. ஆனால் அந்த நாக்கு சொன்னதெல்லாம் பலித்ததா என்றால், பாதி பலிக்கும், பாதி பலிக்காது. அந்தப் பாதியை நினைத்துத்தான் நான் பிற்பாடு ஒரு சனிக்கிழமை உயிரை விடப் பார்த்தேன்.

அடுத்த வீடுதான் அவளுக்கு. புருஷன் துறைமுகத்தில் ஒரு சரக்குப் படகுக்குத் தண்டல், அதாவது படகாட்களுக்கெல்லாம் தலைவன். அதனால் அவளைச் சந்து முழுவதும் தண்டலம்மா என்றே கூப்பிட்டது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஐம்பதை நெருங்கும் வயது, பருத்த உடம்பு, குழந்தை குட்டி கிடையாது. வாசற்படியில் உட்கார்ந்து அரிவாள்மணையில் மீன் ஆய்வாள். போகிற வருகிறவர்கள் கையில் இருப்பதெல்லாம் அவள் பார்வைக்குத் தப்பாது. பார்த்துவிட்டால் அடுத்து நாக்குத்தான்.

மீன்காரிகள் அவளைக் கண்டால் கூடையை மூடிக்கொள்வார்கள். செவுளுக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "இது நேத்தே செத்துது" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிடுவாள்.

"தே தண்டலம்மா, என் மீன் எப்ப செத்தா உனுக்கு இன்னா? நீ இன்னா அதுக்கு அக்கா தங்கச்சியா?" என்பாள் மீன்காரி.

"சொந்தக்காரியா இருந்தா நேத்தே அழுதிருப்பேனே!"

ஒரு தடவை தண்டல் படகுத் தளத்தைப் பெருக்கியபோது கிடைத்தது என்று ஒரு பொட்டலம் வெள்ளைத் தூள் கொண்டு வந்தார். சீமைச் சர்க்கரை என்று அவருக்கு நம்பிக்கை. அவள் ஒரு விரல் எடுத்து வைத்தாள். சலவைக்காரம். நாக்கு வீங்கி வாயை மூட முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம் சந்து அமைதியாக இருந்தது. தண்டல் என்னிடம் ரகசியமாக, "சர்க்கார் மட்டும் இவ நாக்கை ஆர்பர்ல வேலைக்கு வெச்சுகினா, கஸ்டம்ஸுக்காரன் அத்தினி பேரும் வூட்டுக்குப் போவ வேண்டியதுதான்" என்றார். அதில் பெருமையும் இருந்தது, சலவைக்காரம் தந்த நிம்மதியும் இருந்தது.

என் மைக்கூட்டையும் அவள் விட்டுவைக்கவில்லை. துறைமுகத்துக்கு எதிரில், கப்பலில் வந்த சரக்கை வெளியே எடுத்துக்கொடுக்கும் ஒரு ஆபீசில் நான் குமாஸ்தா. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கணக்கு எழுத வீட்டில் உட்கார்ந்தேன். பூசைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தவள், மூடியில் ஒட்டியிருந்ததைத் தொட்டு வைத்து, "புளிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள். கோயிலில் நன்மை, அதாவது மந்திரித்த அப்பம், வாங்க வரிசையில் போய் முழந்தாளிட்டு நாக்கை நீட்டியிருக்கிறாள். நீலம்! சாமியார் ஒரு கணம் பின்னால் நகர்ந்தாராம். பிறகு மனசைத் திடப்படுத்திக்கொண்டு அப்பத்தை அந்த நீலத்தின்மேல் வைத்தாராம். "கையி நடுங்கிச்சு அவருக்கு" என்று மூன்று வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இப்போது செடிக்கு வருகிறேன்.

சந்தின் கோடியில், சரக்குப் பெட்டிகள் நிற்கும் ரயில்வே சைடிங்கின் மதில் இருந்தது. அதை ஒட்டி ஒரு செடி புதராக வளர்ந்து நின்றது. ஆள் உயரம். அடித்தண்டு விறகு மாதிரி கெட்டி. இலையைத் தொட்டால் பூனை நாக்குப் போலச் சொரசொரக்கும். பூ மஞ்சள். சாமந்தி ஜாதிதான், ஆனால் இதழ் குறைவு, வாசனை அதைவிடக் குறைவு. சாமந்தி வீட்டில் கஷ்ட காலத்தில் பிறந்த பெண் மாதிரி இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் அந்த மதிலோரம் எருக்கஞ்செடிகூடத் தலை சாயும், இது சாயாது. உப்புக் காற்று அதை ஒன்றும் செய்யவில்லை. ரயில்வே ஆட்கள் வருஷத்துக்கு ஒரு தடவை அடியோடு வெட்டிப் போடுவார்கள். ஒரு மழை பெய்தால் அதே இடத்தில் அதே உயரத்துக்கு வந்து, நீங்கள் யார் என்று கேட்கிற மாதிரி நிற்கும். எந்தக் கப்பலிலோ கண்ணாடிச் சாமானுக்கு இடையில் வைத்த வைக்கோலோடு வந்து இறங்கியிருக்க வேண்டும் என்று தண்டலம்மா முடிவு கட்டி, கப்பல் சாமந்தி என்று பெயரும் வைத்திருந்தாள்.

அந்த ஐப்பசியில் சரோஜாவுக்கு ஏழாம் மாதம். முதல் பிள்ளை. அவளுக்குத் தாய் இல்லை, அதனால் பிறந்தகம் போகவில்லை. மாங்காய், சாம்பல் என்றெல்லாம் ஆசைப்படாமல் கீரை வேண்டும் என்றாள். கீரைதானே என்று நானும் மார்தட்டினேன். மழை பிடித்துக்கொண்டது. திருவொற்றியூர் பக்கத்துத் தோட்டங்களில் தண்ணீர் நின்று கீரைக்காரி வருவது நின்று போயிற்று. தங்கச்சாலை வரை போய் அலைந்தேன். அழுகின முளைக்கீரை ஒரு கட்டு கிடைத்தது. அதை மாடு மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது.

ஒரு நாள் நான் ஆபீசிலிருந்து வந்தபோது சரோஜா தட்டு நிறையக் கடைந்த கீரையை வைத்துக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தாள்.

"தண்டலம்மா குடுத்தாங்க. பூண்டு தட்டிப் போட்டு, லேசா ஒரு கசப்பு. சாப்பிட்டுப் பாருங்களேன்."

சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் நாளும் வந்தது, மூன்றாம் நாளும் வந்தது. என்ன கீரை என்று நான் கேட்கவில்லை. பசியோடு இருக்கிறவன் கீரையிடம் குலம் கோத்திரம் விசாரிப்பதில்லை.

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் ஆபீஸ். அன்று காலையிலும் கீரைதான் சாப்பிட்டுப் போனேன். மத்தியானம் திரும்பும்போது பெரிய தெருவில் முழங்கால் தண்ணீர். சரி என்று சைடிங் ஓரமாக மதிலைப் பிடித்துக்கொண்டு வந்தேன். கப்பல் சாமந்தி கண்ணில் பட்டது. கூடவே அதன் அடியில் ஒரு பலகையும் கண்ணில் பட்டது. முன்பு அந்தப் பக்கம் வந்தபோது அது இல்லை. சிவப்புத் தகரம், நடுவில் வெள்ளை மண்டையோடு, கீழே குறுக்காக இரண்டு எலும்பு, அதற்கும் கீழே அபாயம் என்று கொட்டை கொட்டையாக இங்கிலீஷ் எழுத்து.

எங்கள் ஆபீசுக்கு அந்தப் படம் போட்ட பீப்பாய் வந்தால், நான் ரசீதில் கையெழுத்தைக்கூட ஒரு கஜம் தள்ளி நின்றுதான் போடுவேன். அப்படிப்பட்டவன் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். நகர்ந்தபோதுதான் செடியின் நுனிகளைப் பார்த்தேன். கிளைக்குக் கிளை கொழுந்து கிள்ளியிருந்தது. கிள்ளிய இடத்தில் பால் காயவில்லை.

லேசா ஒரு கசப்பு என்று சரோஜா சொன்னது ஞாபகம் வந்தது.

உடனே எனக்கு நாக்கு மரத்தது. அடுத்து கண் இருட்டியது. கால் பின்னியது. வயிற்றில் காலையில் போன கீரை எழுந்து உட்கார்ந்து கொட்டாவி விடுவது தெரிந்தது. ஆபீசில் என் நாற்காலி யாருக்குப் போகும் என்று யோசித்தேன். எதிர் மேஜைக்காரன் ரொம்ப நாளாக அதன்மேல் கண் வைத்திருந்தான். அவனுக்கா என்று கோபம்கூட வந்தது. விஷம் தலைக்கேறினவனுக்கு இவ்வளவு ஒழுங்காகக் கோபம் வருமா என்று நினைத்துப் பார்க்க அப்போது புத்தியில்லை.

அப்புறம்தான் சரோஜா. மூன்று நாளாக, மூன்று வேளையும் அவள் தின்ற கீரை. வயிற்றில் ஏழு மாதம்.

ஓடினேன். ஒரு செருப்பு சேற்றில் நின்றுவிட்டது.

சரோஜா பாயில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தினமும் அந்த நேரத்தில் தூங்குகிறவள்தான். அன்று எனக்கு அது தூக்கமாகத் தெரியவில்லை.

"சரோ! சரோ! எழுந்திரு! நாக்கை நீட்டு!"

திடுக்கிட்டு எழுந்தாள். "என்னங்க, தண்டலம்மாகிட்டேருந்து உங்களுக்கும் ஒட்டிக்கிச்சா?"

"நீட்டுன்னா நீட்டு!"

நீட்டினாள். ரோஜா நிறத்தில் இருந்தது. ரோஜா நிறம் நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாததால் இன்னும் பயந்தேன்.

"கொழந்தை அசையுதா?"

சிரித்துக்கொண்டேதான் வயிற்றில் கை வைத்தாள். கையை நகர்த்தினாள். மறுபடி நகர்த்தினாள். சிரிப்பு போய்விட்டது.

"காலைல அசைஞ்சுதுங்க. சாப்பிட்டப்புறம்... தெரியலையே. இப்ப அசையல."

தெருமுனையில் ஒரு டிஸ்பென்சரி. டாக்டர் காலையில் மட்டும் வருவார், மற்ற நேரமெல்லாம் கம்பவுண்டர் பாய்தான். வண்ணாரப்பேட்டைக்காரர், நிதானஸ்தர். மருந்து சீசாவில் வேளைக்கு இவ்வளவு என்று காட்டும் காகிதக் கோடு ஒட்டிக்கொண்டிருந்தவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். வழியெல்லாம் அவர், "தம்பி, பசை, பசை" என்று கத்திக்கொண்டே வந்தார். அவர் கையிலிருந்த பசை என் சட்டையெல்லாம் ஆகிவிட்டது.

சரோஜாவின் நாடியைப் பிடித்தார். இமையை இழுத்துப் பார்த்தார்.

"வாந்தி உண்டா?"

"இல்லை பாய்."

"பேதி?"

"இல்லை."

"வயித்து வலி?"

"இருக்கு பாய், பயங்கரமா இருக்கு."

"உன்ன யாருப்பா கேட்டா? அவங்களுக்கு?"

சரோஜா இல்லை என்று தலையாட்டினாள். "கொழந்தைதான் அசையல" என்றாள்.

இந்தக் களேபரம் கேட்டு, கையில் மீன் செதிலோடு தண்டலம்மா வந்து நின்றாள். பின்னால் தண்டல்.

"இன்னாத்துக்கு பாய் வந்துகீறாரு?"

"எங்களுக்கு என்ன கீரை குடுத்தீங்க?" என்றேன்.

"கப்பல் சாமந்திக் கொழுந்து. ஏன் நைனா, நல்லா இல்லியா?"

"அங்க மண்டையோட்டுப் பலகை நிக்குதே!"

தண்டலம்மாவின் முகம் மலர்ந்தது. இதை நான் மிகைப்படுத்தவில்லை, நிஜமாகவே மலர்ந்தது.

"அத்த நீ பாத்தியா? பாத்து பயந்துகினியா?"

"பயப்படாம?"

"தோ பாருய்யா, பலகை வேல செய்யுது!" என்று புருஷனை இடித்தாள். "அது நான் நட்டது நைனா. யார்டுல கேப்பாரில்லாம கெடந்துச்சு. கல்லறைத் திருநாளுக்கு என் மாமியார் கல்லறைக்கு அந்தப் பூவுதான் வெப்பேன். அதுக்குள்ள வர்றவன் போறவன்லாம் பறிச்சிகினு பூடறான். பலகை வெச்சும் ஒரு நாயும் பயப்படல. ஆடுங்க அதுல முதுவு சொறிஞ்சிகினு நிக்குது. மெய்யாலுமே பயந்தது நீ ஒருத்தன்தான்."

கம்பவுண்டர் பாய் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பசைக்கான கோபமும் இருந்தது. ஆனாலும் அவர் விடவில்லை.

"அது சரிம்மா. பலகை பொய்யின்னா செடி நல்லதுன்னு ஆயிடுமா? அது என்னா செடி?"

"யாருக்குத் தெரியும்? பேரே நான் வெச்சதுதானே."

"பின்ன என்னா தைரியத்துல வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணுக்குக் குடுத்தே?"

"நான் துன்னு பாத்தேனே" என்றாள் தண்டலம்மா.

இவ்வளவுதானா, விரல் நுனியில் தொட்டு நக்கிப் பார்த்திருப்பாள் என்று எனக்குத் தலை சுற்றியது. அப்போது தண்டல் வாயைத் திறந்தார். வீட்டில் அவர் பேசுவது அபூர்வம்.

"தொட்டுப் பாக்கல தம்பி. ஒரு வாரமா அத்தயே ஆக்கித் துன்னுகினு இருந்தா. மொத நாளு ஒரு புடி, மறுநாளு ரெண்டு புடி. எனுக்கு ஒரு வாயி குடுக்கல. கேட்டா ரெண்டு பேரும் ஒண்ணா பூட்டா யாரு மாரடிக்கறதுன்றா. 'நான் பூட்டேன்னா சட்டியோட கீரையைக் கொட்டிடு, சரோசாவுக்கு மட்டும் குடுத்துடாத'ன்னா. நான் இன்னாமோ மீனு ஒத்துக்கல, அத்தொட்டு ஒளறுறான்னு நெனச்சேன்."

"இத்தெல்லாம் இன்னாத்துக்கு இப்ப?" என்று அவரை அதட்டினாள் தண்டலம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, "சும்மா தொட்டுப் பாக்கறது மீனுக்கு, தண்ணிக்கு. புள்ளத்தாச்சிக்கு அப்டிக் குடுப்பாங்களா?" என்றாள்.

சரோஜாதான் மெல்ல, "ஆனா அசையலையே, தண்டலம்மா" என்றாள்.

அப்போதுதான் அந்த முகத்தில் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தேன். சலவைக்காரத்துக்கு வராத பயம். செதில் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பாயில் குந்தினாள்.

"நைனா, நீ அப்பால போ. உன் மூஞ்சப் பாத்தா எந்தக் கொழந்தையும் அசையாது."

நான் நிலைப்படிக்கு நகர்ந்தேன். அவள் குனிந்து சரோஜாவின் வயிற்றில் கன்னத்தைச் சாய்த்து வைத்தாள். சைடிங்கில் ஒரு எஞ்சின் பெட்டிகளை இடித்து இடித்துச் சேர்த்துக்கொண்டிருந்தது. பாய் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவர் உதடு அசைந்தது. தண்டல் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். தண்டலம்மா கண்ணை மூடிக்கொண்டு வயிற்றோடு பேசினாள்.

"தே, உன்னத்தான். ஒரு வாரம் நான் துன்னு பாத்துட்டுத்தான் உனுக்கு அனுப்பினேன். துன்னுட்டு தூங்குறியா? எழுந்து ஒரு வார்த்த சொல்லு கண்ணு. உங்க அப்பன் செத்துருவான் போலக்கீது."

எஞ்சின் மறுபடி இடித்தது. சந்தே அதிர்ந்தது.

தண்டலம்மா சட்டென்று தலையைத் தூக்கிக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அட பாவி! அறையுது!"

சரோஜா சிரித்தாள், அப்படியே அழுதாள், மறுபடி சிரித்தாள். "இங்க... இப்ப இங்க... ஐயோ, உருளுதுங்க!" தண்டலம்மா அடுத்த கன்னத்தையும் காட்டினாள். அதிலும் ஒன்று விழுந்தது.

நான் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாய் என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "இங்க வைத்தியம் வேண்டிய ஆளு நீ ஒருத்தன்தான் தம்பி. ஒரு கோலி சோடா வாங்கிக் குடிச்சுட்டுப் படு" என்று சொல்லிவிட்டுத் தன் சீசாக்களுக்குத் திரும்பினார். நாக்கு மரத்தது, கண் இருட்டியது, வயிற்று வலி எல்லாம் அவரோடு வெளியே போய்விட்டன.

அன்று ராச்சாப்பாட்டுக்குச் சரோஜா மிச்சமிருந்த கீரையைத் தட்டில் போட்டுக்கொண்டாள். என்னைக் கேட்கவில்லை. கொஞ்சம் எனக்கும் என்றேன்.

கல்லறைத் திருநாள் வந்தது. கொழுந்தையெல்லாம் எங்களுக்காகக் கிள்ளிவிட்டதால் கப்பல் சாமந்தியில் அந்த வருஷம் பேருக்குக்கூட ஒரு பூ இல்லை. எனக்குச் சங்கடமாக இருந்தது. கொத்தவால்சாவடியில் நல்ல சாமந்தி வாங்கி வருகிறேன் என்றேன். தண்டலம்மா வேண்டாம் என்றுவிட்டாள். வெறும் இலையாகவே ஒரு கட்டு ஒடித்துக்கொண்டு போய்க் கல்லறைமேல் வைத்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

"மாமியார் ஒண்ணும் சொல்லலியா?" என்றேன்.

"உசுரோட கீறப்போ பூ வெச்சா இலை வெக்கலியான்னு கேக்கும், இலை வெச்சா பூ எங்கன்னு கேக்கும். இன்னிக்கு கம்முனு கெடந்துச்சு. ஆக்கித் துன்னும்."

தை மாதம் சரோஜாவுக்கு வலி எடுத்தது. பிரசவத்துக்கு வருவதாக இருந்த என் அக்கா ரயிலில் வந்துகொண்டிருக்கும்போதே, விடிந்து வெயில் ஏறும் நேரத்தில், மருத்துவச்சி பெண் என்று அறிவித்தாள். நல்ல குரல். சைடிங் எஞ்சினுக்கு ஈடு கொடுத்தது.

எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கு முதலில் சேனை வைப்பார்கள். சர்க்கரைத் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் தடவுவார்கள். யார் கையால் வைக்கிறோமோ அவர்கள் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதனால் ஆள் பார்த்துத்தான் வைக்கச் சொல்வார்கள். அக்கா வரட்டும் என்றேன். அக்காவுக்குப் பொறுமை ஜாஸ்தி.

"தண்டலம்மாவே வைக்கட்டும்" என்றாள் சரோஜா. களைத்துக் கிடந்தவள் குரலில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

என் பெண் தவழ்ந்து வந்து ஊரார் மைக்கூட்டையெல்லாம் நக்குகிற காட்சி கண்முன் வந்தது. ஆனாலும் சர்க்கரைத் தண்ணீர் கலக்கப் போனேன். அலமாரியில் கைக்கு அகப்பட்ட டப்பாவை எடுத்தேன். ஒரு கிண்ணத்தில் கலக்கிக் கொண்டு வந்து கொடுத்தேன். தண்டலம்மா குளித்து, வெளுத்த புடைவை கட்டி, தலையில் முக்காடு போட்டு, பூசைக்குப் போகிற மாதிரி வந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தையை மடியில் வாங்கினாள். விரலைக் கிண்ணத்தில் நனைத்தாள். குழந்தையின் வாய்வரை கொண்டுபோனாள்.

அங்கே நிறுத்தி, விரலைத் திருப்பித் தன் நாக்கில் வைத்தாள்.

இங்கேயுமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் முகம் கோணியது. கண்ணைச் சுருக்கினாள். பக்கத்திலிருந்த பித்தளைச் செம்பில் துப்பினாள். மருத்துவச்சி எழுந்து நின்றுவிட்டாள்.

"உப்பு" என்றாள் தண்டலம்மா.

அந்தக் காலத்து ரேஷன் சர்க்கரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நிறத்திலும் பருமனிலும் அது உப்புக்கு உடன்பிறப்பு. அலமாரியில் இரண்டு டப்பா, எனக்கோ அவசரம். வேறென்ன சொல்ல! பாயில் கிடந்த சரோஜா, பிரசவித்த களைப்பையும் மீறி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

தண்டலம்மா கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாள்.

"நல்ல கீரைக்கு பாயைக் கையைப் புடிச்சி இட்டாந்தியே நைனா, இதுக்கு யார இட்டாரப் போற? போலீசையா?"

மருத்துவச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். நன்றாகக் கழுவினேன். மற்ற டப்பாவை எடுத்துத் திறந்தேன். உற்றுப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை. சுற்றுமுற்றும் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு சிட்டிகை எடுத்து என் நாக்கில் வைத்தேன்.

இனித்தது.